புல் அடைத்த மணி

ஜூன் 4

இன்று பார்த்தவை: சிங்கம் இரண்டு. சிவிங்கிப்புலி ஒன்று. அதைச் சுற்றி வண்டிகள் முப்பத்தொன்று.

இந்த நோட்டு விலங்குகளை எழுதுவதற்காகக் கொடுத்தது. முகாமை நடத்தும் வைரிமு மேடம் மாதம் ஒருமுறை வாங்கிப் பார்ப்பேன் என்று சொன்னார். மூன்று வருடமாக ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அது தெரிந்ததும் மற்றதையும் இதிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டில் அதே கேள்வி. "கைடு, நாளைக்கு எந்தப் பக்கம் போகலாம்? அரசாங்கக் காப்பகமா, தனியார் காப்புநிலமா?" எங்கள் முகாம் ஓடைக்கரையில் இருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் அரசாங்கக் காடு. அந்தப் பக்கம் கம்பெனிக் காடு. கம்பெனி என்றால் வேறு யாருமில்லை, எங்கள் ஜனங்களின் நிலத்தையெல்லாம் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்கள்தான். மாடு மேய்த்த நிலத்தில் இப்போது மாடு இறங்கினால் அபராதம்.

என் பதில் மனப்பாடம். ஆறு பார்க்கணுமா, இந்தப் பக்கம். முதலை, யானை, ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட் மான் கூட்டம் ஆற்றைத் தாண்டுவது எல்லாம் இந்தப் பக்கம். "அந்தப் பக்கம் புல் உயரம், ஒன்னும் தெரியாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன்.

பொய். அங்கே பாதையை விட்டு வண்டியை இறக்கலாம். ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்க விடமாட்டார்கள். வண்டியை விட்டு இறங்கி நடக்கலாம்.

நடக்கலாம். அதுதான் விஷயம்.

ஜூன் 5

விடியும் நேரத்தில் 'டொக்'. எழுந்து போய்ப் பார்த்தேன். கூடாரத்துக் கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கயிறுதானா?

ஜூன் 9

வைரிமு மேடம் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்தாலே வில்லங்கம்தான்.

"பதினோரு மாசமா இந்த முகாம்லேர்ந்து ஒரு வண்டி ஓடையைத் தாண்டல. கவனிச்சீங்களா ஐயா?"

"கேக்கறவங்க எல்லாரும் ஆறு பாக்கணும்னு சொல்றாங்க மேடம்."

"சொல்றாங்களா, சொல்ல வைக்கறீங்களா? துப்பாக்கியோட நடத்திக் கூட்டிட்டுப் போற லைசென்ஸ் இந்த முகாம்ல உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு கிசேமெய். அதைப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டீங்க. அந்தப் பக்கம் நம்மள மறந்தே போயிட்டாங்க. இப்படியே போனா வருஷக் கடைசியில நமக்கு அனுமதி கிடையாதாம்."

அவருக்கும் தெரியும் ஏன் என்று. தெரியும் என்று நினைக்கிறார். கூட்டாளி செத்த இடம், மனசு வரவில்லை, பாவம். அவ்வளவுதான் தெரியும் அவருக்கு.

"துக்கம்னா எனக்கும் புரியும்" என்றார். நல்ல மனுஷி. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 14

சீசனுக்கு முன்னால் ஒன்று, சீசன் முடிந்து ஒன்று என்று கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை கைடுகளைக் கூட்டி வகுப்பெடுப்பார்கள். இன்று முதலாவது. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காய்ச்சல் இல்லை.

ஜூன் 15

நொலாரி வந்தாள். செத்துப்போன கூட்டாளி, அவன் மனைவி.

அவன் பெயரை இங்கே எழுத முடியாது. போனவர் பெயரை எங்களில் யாரும் சொல்வதில்லை. ஊரில் அதே பெயருடைய இன்னொருவன் அவன் போன வாரமே வேறு பெயர் வைத்துக்கொண்டான். நானும் அவனும் பையன் ஆண்பிள்ளையாகும் சுன்னத்துச் சடங்கில் ஒரே காலையில் கத்திக்கு உட்கார்ந்தவர்கள், ஒரே செட்டு. அதற்குமேல் அவனை எப்படிச் சொல்வது? எனக்கு அவன் அவன்தான்.

நொலாரி கம்பெனிச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஓடையைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறாள். உட்காரவில்லை.

"நேத்து வகுப்புக்கு ஏன் வரல நீங்க?"

"உடம்பு சரியில்ல."

"நல்லதாப் போச்சு. நைரோபிலேர்ந்து வந்த ஆபீசர் ஒரு காகிதத்தை வெச்சுப் படிக்கிறாரு. 'செய்யக் கூடாதவை'ன்னு. மொதல் பாடமே எங்க வீட்டுக்காரருதான். வரிசையை விட்டு, கைடு சொல்லாம, தன்னிஷ்டத்துக்குப் புதருக்குள்ள போன முட்டாள். பேரைச் சொல்லிப் படிக்கிறாரு கிசேமெய். முழுப் பேரு, அப்பா பேரோட. உரக்க. நான் டீ டிரேயைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன்."

தண்ணீர் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"கூட இருந்த நம்மாளுங்க பாதிப்பேர் காதைப் பொத்திக்கிட்டாங்க. மீதிப்பேர் வெளிய எழுந்து வந்துட்டாங்க. ஆபீசரு என்னடான்னா இன்னொரு வாட்டி படிக்கிறாரு, கவனமாக் கேளுங்கன்னு. பேரைக் கூப்பிட்டா செத்துப்போனவரு வராம என்ன பண்ணுவாரு? நேத்திலேர்ந்து என் வீட்டு மாடு ரெண்டும் தொழுவத்துக்குள்ள போக மாட்டேங்குது. வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நிக்குது."

போகும்போது திரும்பினாள்.

"அவரு முட்டாள் இல்ல. நீங்கதான் கூட இருந்தீங்க. போய்ச் சொல்லுங்களேன், சொல்லாம போற ஆளு இல்லன்னு."

சொல்லாமல் போகிற ஆள் இல்லைதான்.

ஜூன் 16

டொக்.

ஜூன் 22

அண்ணனைச் சந்தையில் பார்த்தேன். புல் இல்லை, புல் இல்லை என்று ஒரே புலம்பல். "கம்பெனிக்காரன் காட்டுல இடுப்பு உயரம் நிக்குது தம்பி. நம்ம நிலம், நம்ம புல்லு. வேலி போட்டது யாரு?"

"இன்னும் மாட்டை அங்க இறக்கறியா?"

சிரித்தான். "நீ கைடு. உனக்கு எதுக்கு இந்தப் பேச்சு?"

கடையில் தொங்கிய மாட்டு மணி ஒன்றைக் கையிலெடுத்து ஆட்டினான். கணீர் என்றது. விலையைக்கூடக் கேட்காமல் வைத்துவிட்டான்.

ஜூலை 8

கிசுமுவிலிருந்து ஒரு ஜோடி. அகேயோ டீச்சர், அவர் கணவர் ஒகோலா. அவர் நகராட்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். அவருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது.

மூன்றே நாள். எந்தப் பக்கம் முதலில்? சாப்பாட்டு மேஜையிலேயே சண்டை.

"ஆறு, முதலை, லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் தாண்டுறது, உலகமே பாக்க வருது. அரசாங்கப் பக்கமே போவோம். வண்டியில பத்திரமா உக்காந்து பாக்கலாம்" என்றார் ஒகோலா.

"பாக்கலாம்! நீங்க பாத்துச் சொல்லுவீங்க, நான் கேட்டுக்கணும். முப்பத்தஞ்சு வருஷமா அதைத்தானே செய்யறேன்" என்றார் டீச்சர். "அந்தப் பக்கம் இறங்கி நடக்கலாமாமே? கைடு, உண்மையா?"

"புல் உயரம் டீச்சர். ஒன்னும் தெரியாது."

"எனக்கு எங்கயும் ஒன்னும் தெரியாது. அதனால அது கணக்குல இல்ல."

வைரிமு மேடம் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். நான் ஆற்றைப் பற்றிய என் பாடத்தை ஒப்பித்தேன். ஒகோலா தலையாட்டிக்கொண்டே இருந்தார். முதல் நாள் அரசாங்கப் பக்கம் என்று முடிவாயிற்று. ஜெயித்துவிட்டேன். தூ.

ஜூலை 9

இன்று பார்த்தவை: எழுத மனமில்லை.

ஆற்றங்கரையில் எழுபது வண்டிகளுக்கு மேல். எல்லாம் எஞ்சினை ஓட்டிக்கொண்டே நிற்கின்றன. கூட்டம் ஆற்றில் இறங்கியதும் வண்டிக்காரர்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு முன்னே பாய்கிறார்கள். ஒகோலா எழுந்து நின்று கத்துகிறார், "இறங்கிடுச்சு! ஒரு குட்டி வழுக்குது! ஐயோ, ஏறிடுச்சு!" டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கைடு, எனக்கு என்ன கேக்குது தெரியுமா? டீசல். கிசுமு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து இதைக் கேக்கலாம். மூணு நாள்ல ஒரு நாள் போச்சு. அந்தப் பக்கம் என்ன கேக்கும், அதைச் சொல்லுங்க. உண்மையைச் சொல்லுங்க."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். காலையில் புல்லில் கௌதாரி சிறகடிக்கும். வரிக்குதிரை புல்லைக் கடிக்கும் சத்தம் தனித்தனியாகக் கேட்கும். யானை வயிற்றுக்குள் உறுமுவது உள்ளங்காலில் தெரியும்.

"இதையெல்லாம் வெச்சுக்கிட்டா புல் உயரம்னு கதை விட்டீங்க?" என்றார்.

நாளை மறுநாள் காலை நடை. வைரிமு மேடம் நான் வாயைத் திறப்பதற்குள் போன் செய்து முடித்துவிட்டார். எங்களுக்கு முன்னால் பார்த்துக்கொண்டு போக சதேரா வருவானாம். அவன் இருந்த இடத்தில் இப்போது சதேரா.

ஜூலை 10

எழுதிவிடுகிறேன். நோட்டுக்காவது தெரியட்டும்.

போன வருடம் ஜூலை ஆறு. மழை பொய்த்த வருடம். முந்தின நாள் அண்ணன் சொன்னான், விடியலில் ஓடையோரமாக மாட்டை இறக்கப்போகிறேன் என்று. மணிக்குள் புல்லை அடைத்துவிட்டால் ரேஞ்சர் காதுக்கு எட்டாது. கணீர் என்கிற மணி 'டொக்' என்று செத்துப்போகும். எல்லாரும் செய்வதுதான். நான் அதை என் கூட்டாளியிடம் சொல்லிவைத்தேன். வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது மாடு கண்ணில் பட்டால் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவிடு என்று. அவன் சிரித்தான். "உங்க அண்ணன் மாட்டுக்கு நான்தான் கூலியில்லாத மேய்ப்பன்" என்றான்.

காலை. வெளியூர்க்காரர்கள் இருவர். நான் துப்பாக்கியோடு, அவன் கையில் ஒரு கம்போடு. ஓடைப் புதருக்குப் பக்கத்தில் வந்தோம். டொக். இலைகளுக்கு நடுவே கறுப்பாய் ஒரு முதுகு. எங்கள் வீட்டில் ஒரு கறுப்புக் காளை இருக்கிறது. நான் வெளியூர்க்காரர்களை மறுபக்கம் திருப்பி ஒரு பறவையைக் காட்டினேன். அப்படியே அவனைப் பார்த்து உதட்டால் புதரைக் காட்டினேன். எங்களுக்குக் கைநீட்டிக் காட்டும் பழக்கமில்லை, உதடுதான். வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல் இல்லை.

அவன் போனான். ஹோய், ஹோய் என்று மாட்டை விரட்டுகிற மாதிரி மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே போனான்.

கூட்டத்தை விட்டு ஒதுங்கிய கிழட்டுக் காட்டெருமை. அண்ணன் மாடுகள் இன்னும் ஒரு கூப்பிடு தூரம் கீழே இருந்தன. மணிச் சத்தம் அங்கிருந்து வந்தது. முதுகு இங்கே இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கியது நான்.

மூன்று முறை சுட்டேன். அதற்குள் அது அவனை முடித்துவிட்டது.

விசாரணையில் கேட்டார்கள், "நீ அனுப்பினாயா?" "நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். உண்மைதானே! ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே! வெளியூர்க்காரர்களும் அதையே சொன்னார்கள். எழுதிக்கொண்டார்கள்: தன்னிஷ்டத்துக்குப் போனான்.

சொன்னால் அண்ணன் மாடு போகும். சொன்னால் என் கைடு பேட்ஜ் போகும். எருமை என்னை எதுவும் செய்யவில்லை பார், நான் நன்றாக இருக்கிறேன். காலையில் டீ குடிக்கிறேன். படுபாவி.

ஜூலை 11

நடந்தோம். நான் முன்னால், எனக்குச் சற்று முன்னே ஓரமாகச் சதேரா, எனக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு டீச்சர், கடைசியில் ஜெபித்துக்கொண்டே ஒகோலா.

டீச்சர் குழந்தை மாதிரி இருந்தார். "இது என்ன? அது என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வரிக்குதிரை புல் கடிக்கும் சத்தத்துக்குப் பத்து நிமிடம் நின்றார். "தாளம் தப்பாம கடிக்குது பாருங்க" என்றார். ஒரு நேரம் எனக்கே அந்த இடம் மறந்துபோயிற்று.

ஓடைப் பக்கம் வேண்டாமென்று சுற்றிப் போனேன். எப்படிச் சுற்றினாலும் வண்டி நிற்கிற இடத்துக்கு ஓடையைத் தொட்டுத்தான் போகவேண்டும்.

டொக்.

வழக்கமாக வருவதுதான் என்று கண்ணை மூடித் திறந்தேன். டீச்சரின் கை என் தோளை இறுக்கியது.

"நில்லுங்க. அது என்ன மணி? வாயைக் கட்டின மாதிரி? உள்ள எதையோ அடைச்சிருக்காங்க."

ஒரு வருடமாக நான் மட்டும் கேட்டது. இன்னொருவர் காதிலும் விழுகிறதா?

புதரில் இலை அசைந்தது. உள்ளே ஏதோ நிற்கிறது. முதுகு தெரியவில்லை, நிழல்தான். சதேரா என்னைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் ஆள்தானே, அவனுக்கும் தெரியும் அந்தச் சத்தம் என்னவென்று. டீச்சருக்குக் கண் தெரியாது, ஒகோலா கண்ணை மூடியிருக்கிறார். ஒரு சைகை போதும், போய்த் திருப்பிவிட்டு வந்துவிடுவான். என் முகத்தையே பார்க்கிறான். என் உதடு துடிக்கிறது. ஆமாம், அது தானாகவே துடித்தது, பழக்கம்.

"போகாதே!" கத்திவிட்டேன். "சதேரா, ஒரு அடி எடுத்து வெக்காதே. பின்னால வா. அந்த மணி எங்க அண்ணன் மாட்டு மணி. ஆனா புதருக்குள்ள நிக்கிறது என்னன்னு எனக்குத் தெரியாது. கேக்குதா? எனக்குத் தெரியாது!"

வாக்கி டாக்கியை எடுத்து ரேஞ்சரைக் கூப்பிட்டேன். மாடு இறங்கியிருக்கிறது, என் அண்ணன் மாடு, ஓடையோரம் என்று பெயர் சொல்லிச் சொன்னேன். எல்லாரையும் மேட்டுக்குப் பின்வாங்க வைத்தேன்.

காத்திருந்தோம். புதரை விலக்கிக்கொண்டு எங்கள் வீட்டுச் செவலை மாடு வெளியே வந்தது. வாயில் புல். என்னைத் தெரிந்துகொண்டு தலையை ஆட்டியது. டொக்.

மாடுதான். இந்த முறை மாடுதான்.

துப்பாக்கியைச் சதேராவிடம் கொடுத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், என்ன மறைக்க. ஒகோலா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஒரு மாட்டுக்கா இப்படி?" என்று டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். சொன்னேன். நேற்று இங்கே எழுதியதை எல்லாம் அப்படியே சொன்னேன். சதேராவும் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன் போல.

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். "நான் நாளைக்குக் கிசுமு போயிடுவேன்."

ஜூலை 12

நொலாரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். ஈரத் துணி கையிலேயே இருந்தது.

முடித்ததும் கேட்டாள், "எப்படிக் காட்டினே?"

"நொலாரி..."

"காட்டு. அன்னிக்கு எப்படிக் காட்டினியோ அப்படியே காட்டு."

காட்டினேன். உதட்டால், புதர் இருக்கும் திசையில்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இவ்ளோதானா?" என்றாள்.

துணியைக் கொடியில் போட்டாள். வெகுநேரம் அதை நீவி நீவி விட்டாள்.

ஜூலை 13

கம்பெனி ஆபீஸ். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேட்ஜைக் கேட்டார்கள். கழற்றி மேஜைமேல் வைத்தேன். சட்டையில் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது.

ஜூலை 15

அண்ணன் வந்து முகாம் வாசலில் நின்று கத்தினான். "வெளிநாட்டுக்காரன் முன்னாடி கூடப் பொறந்தவனைக் காட்டிக்கொடுத்தியேடா!" அவர்கள் கிசுமுக்காரர்கள், நம் நாட்டுக்காரர்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வீட்டுப் பக்கம் வராதே என்றான். சரி என்றேன்.

ஆகஸ்ட் 3

வைரிமு மேடம் வேலையை விட்டு அனுப்பவில்லை. முகாமுக்குக் காய்கறி, சாமான் வாங்கிவரும் வண்டியை ஓட்டுகிறேன். இன்று பார்த்தவை: முட்டைக்கோஸ். உருளைக்கிழங்கு. நாரோக் ரோட்டில் ஒரு பபூன் குரங்கு.

இன்னும் யாராவது எந்தப் பக்கம் போகலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். நடக்க ஆசையென்றால் அந்தப் பக்கம், ஆறு பார்க்க ஆசையென்றால் இந்தப் பக்கம், என்கிறேன். அதற்குமேல் மனப்பாடம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 19

டொக். எழுந்து பார்க்கவில்லை.

நவம்பர் 12

சீசன் முடிந்த வகுப்பு. எனக்கு அங்கே வேலையில்லை. கம்பெனிச் சமையற்கூடத்துக்கு இரண்டு மூட்டை வெங்காயம் கடனாகக் கொடுத்துவரச் சொல்லி வைரிமு மேடம் அனுப்பினார். போன நேரம் அப்படி.

கூடத்தின் துணிச்சுவருக்கு வெளியே நொலாரி டீ டிரேயோடு நின்றிருந்தாள். ஜூலைக்குப் பிறகு என்னோடு அவள் பேசியதில்லை. உள்ளே அந்த நைரோபி ஆபீசர் குரல். காகிதம் புரளும் சத்தம். "செய்யக் கூடாதவை. மொதல் பாடம்."

நான் மூட்டையை இறக்கவும் முடியாமல் அப்படியே நின்றேன்.

"மணிச் சத்தத்தை நம்பி, புதருக்குள்ள இருப்பது என்னன்னு தெரியாமலே கூட இருந்த ஆளை அனுப்பின கைடு." பிறகு பெயர். என் பெயர். முழுப்பெயர், அப்பா பெயரோடு, உரக்க. இன்னொரு முறையும் படித்தார், கவனமாகக் கேளுங்கள் என்று. உள்ளே யாரும் காதைப் பொத்தவில்லை. யாரும் எழுந்து வரவில்லை. உயிரோடு இருக்கிறவன் பெயர்தானே.

நொலாரி என்னைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

டிரேயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் மூட்டைகளை அடுக்கிவிட்டு வண்டியின் பின்கதவைச் சாத்தும்போது திரும்பி வந்தாள். டிரேயில் ஒரு கோப்பை மிஞ்சியிருந்தது. என் கையில் கொடுக்கவில்லை. சமையற்கூட ஜன்னல் பலகைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "வீட்டு மாடு இப்ப தொழுவத்துக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எடுத்துக் குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தாள்.